ஐந்து வெள்ளைச் சில்லுகள்

தெருவில் எல்லோரும் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளை வாங்கி, அவற்றுக்குப் பொருந்தும் பல்லைச் செய்து திருப்பி அனுப்புகிறவர். யாருக்காகச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எந்த வெள்ளை என்பது மட்டும் தெரியும்.

அவருடைய பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதற்கடியில் நீளமான மேஜை, மேஜை முழுக்க மாவு போலப் படிந்த பிளாஸ்டர் தூசி. ஒரு மூலையில் வெந்நீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் மெருகுச் சக்கரம். விசிறி மடிப்பு போல விரியும் ஒரு தகட்டில் மாதிரிப் பற்கள் வரிசையாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் எல்லாம் ஒரே பல் என்று நினைப்பார். பல்செட்காரருக்கோ ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள். ஒன்றில் மஞ்சள் லேசாக ஏறியிருக்கும், ஒன்றில் சாம்பல் இறங்கியிருக்கும், ஒன்று வெயிலில் ஒரு மாதிரியும் குழல் விளக்கில் வேறு மாதிரியும் நடிக்கும். பேருந்தில் யாராவது சிரித்தால் அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது பல்லின் நிறம், முகம் பிறகுதான். மனைவியை முதன்முதலில் பார்த்ததைப் பற்றி யாராவது கேட்டால்கூட, "சாம்பலே கலக்காத வெள்ளை" என்றுதான் ஆரம்பிப்பார். பொண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் பல்லைச் சொல்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மனைவி ஒரு டாக்ஸி நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிறவள். நாளெல்லாம் முகம் தெரியாத குரல்களோடுதான் பேச்சு. வண்டி வந்துகொண்டே இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அவன் உண்மையில் வந்துகொண்டிருக்கிறானா, இன்னும் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறானா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். வீட்டில் பல்செட்காரர் பொய் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். முயற்சி செய்து பார்த்துக் களைத்துப் போனதுதான் காரணம்.

சனிக்கிழமை மதியங்களில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் போக்கர் நடக்கும். ஆடுவது ஐந்து பேர். கணவன், மனைவி, மேல்வீட்டுக் கணக்கு டீச்சர், அந்தப் பகுதித் தபால்காரர், அப்புறம் மனைவியின் அண்ணன். இந்த மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தன் மனைவி இறந்த பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்குத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவார். தங்கைக்கு அது போதும். வாரம் ஒரு தடவை அண்ணன் சிரிப்பதைக் காதால் கேட்டுவிட்டால் அவளுக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

காசு வைத்து ஆடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் சாய்வு நாற்காலி, தோற்றவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பந்தயம் என்று ஒன்று இருந்தால் நடுவில் வைக்க ஏதாவது வேண்டுமே. தீக்குச்சியை வைத்தார்கள். உடைந்த குச்சி அரையா முழுசா என்று சண்டை வந்தது. வேர்க்கடலையை வைத்தார்கள். தபால்காரர் யோசிக்கும் நேரத்தில் தன் மூலதனத்தையே மென்று தின்றுவிட்டு, கை காலி என்று பரிதாபமாகப் பார்த்தார். சட்டைப் பொத்தான்களை வைத்தபோது எது ஒன்று, எது பத்து என்று வாரத்துக்கு வாரம் மாறியது. டீச்சருக்குத் தாங்கவில்லை. மதிப்பு என்பது நிலையாக இருக்க வேண்டாமா, இது விளையாட்டா வியாபாரச் சந்தையா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் பல்செட்காரர் வாயை விட்டார். "நானே சில்லு செஞ்சு கொண்டு வர்றேன்."

செய்தார். வேலை முடிந்த மாலைகளில், மிச்சமான அக்ரிலிக் பொடியைக் குழைத்து வட்ட அச்சில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறுக வைத்து, சக்கரத்தில் மெருகேற்றினார். பட்டறையில் இருந்தது பல் நிறப் பொடிதான். அதனால் சில்லுகளும் பல் நிறத்தில்தான் வந்தன. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பால்வெள்ளை ஒன்று. கொஞ்சம் மஞ்சள் ஏறியது ஐந்து. சாம்பல் கலந்தது பத்து. மஞ்சளும் பழுப்பும் சேர்ந்தது இருபத்தைந்து. சாம்பலில் ஒரு பொட்டுச் சிவப்பு கலந்தது நூறு. ராத்திரிக்கும் பகலுக்கும் இருக்கிற வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டார். எண் எழுதலாமா என்று யோசித்து, அழகு கெடும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை, ஒரு துணியை விரித்து அதன்மேல் சில்லுகளைக் கொட்டினார். எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். வழவழவென்று, விரலுக்குக் குளிர்ச்சியாக, ஒன்றோடு ஒன்று மோதினால் நல்ல சத்தத்தோடு இருந்தன. தபால்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். மனைவி கணவனைப் பெருமையாகப் பார்த்தாள். எந்தச் சில்லுக்கு எவ்வளவு என்று அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்தவரிடம் என்ன கேட்பது?

ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு. மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ மச்சானுக்குக் கையில் ஒன்றுமே இல்லை. சும்மா ஒரு மிரட்டல் போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு சில்லை நடுவில் தள்ளினார்.

"மச்சான் இருநூறு" என்று பல்செட்காரர் அறிவித்தார்.

மச்சானின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. அவர் வைத்ததாக நினைத்தது இரண்டு.

"தெரிஞ்சுதானே வெச்சீங்க?" என்றார் டீச்சர்.

"ஆமா, தெரிஞ்சுதான்."

பல்செட்காரர் கள்ளமில்லாமல், உதவி செய்கிற நினைப்பில், ஒரு சில்லை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். "நூறு நல்லாத் தெரியுமே மச்சான். சாம்பல், அதுக்குள்ள ஒரு சிவப்பு. பாருங்க, பளிச்சுனு இருக்கு."

மச்சான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சுற்றைத் தபால்காரர் அள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மச்சான் பந்தயம் வைக்கும்போதெல்லாம் சில்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசியில் தோற்று, வழக்கமாகச் செய்யும் முணுமுணுப்பு இல்லாமல் கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை ஜலதோஷம் என்றார். தங்கை தொலைபேசியை வைத்தாள். ஜலதோஷக் குரல் அவளுக்குத் தெரியாதா? மறுபடியும் அழைத்தாள். டாக்ஸி ஓட்டுநர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள். அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதில்லை. மச்சான் சொல்லிவிட்டார். கண் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிற நிறம் அவருக்கு மட்டும் தெரியவில்லை. கிரேனில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே ஆள் நிற்பது தெரியாமல் பெட்டியை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? அதனால் அவரே துறைமுகத்து மேற்பார்வை அம்மாவிடம் பேசிவிட்டார். இந்த மாதத்தோடு கிரேனை விட்டு இறங்கி, கீழே கிடங்கில் வேலை பார்க்கப் போகிறார்.

பல்செட்காரர் பட்டறையிலிருந்து வந்தபோது மனைவி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னாள். கடைசியில், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, ஒன்று சொன்னாள்.

"என்னங்க, எனக்கும் தெரியலைங்க."

"என்ன தெரியல?"

"அந்தச் சில்லு. எது எவ்வளவுன்னு. எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நீங்க ஆசையாச் செஞ்சு கொண்டு வந்தீங்கன்னு நான் ஒண்ணும் சொல்லல."

பல்செட்காரர் நம்பவில்லை. அண்ணன்மேல் இருக்கிற பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார். நேரே மாடிக்குப் போய் டீச்சரைக் கேட்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்ல நேரம் வேண்டும்போது அவர் செய்கிற வேலை அது. தான் சில்லைப் பார்க்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். யார் எதை வைத்தாலும் பல்செட்காரர் வாயால் தொகையைச் சொல்லும்வரை காத்திருந்து அதைத்தான் கணக்கில் எடுத்தாராம். மறுநாள் காலை தபால்காரரை வாசலில் மடக்கினார். அவர் இன்னும் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார். பந்தயம் வைக்க வேண்டிய நேரத்தில் ஒரு கைப்பிடி சில்லை அப்படியே நீட்டி, "நீங்களே எடுத்துக்கோங்க" என்றாராம். ஊருக்குப் புதிதாக வந்தவன் கடைக்காரரிடம் கை நிறையச் சில்லறையை நீட்டுவானே, அந்த மாதிரி. பல்செட்காரருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அவர் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தனியாகவே ஆடியிருக்கிறார்.

கொஞ்சம் வலித்தது. ஆனால் வலிக்க இது நேரம் இல்லை. மச்சானைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மச்சான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சிருக்கீங்க மாப்ளே. எனக்குப் புரியுது. ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியம் பல்செட்காரர் பட்டறையைப் பூட்டினார். ஒரு பல்செட் அவசரம் என்று மருத்துவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் ஒரு வேளை கஞ்சி குடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். சில்லுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் பேருந்து ஏறினார். வாசல் காவலர் பையைத் திறந்து பார்த்தார். இவ்வளவு வெள்ளையாக, வட்டமாக, இது என்ன மருந்து என்று சந்தேகப்பட்டார். பல் என்று சொன்னதும் இன்னும் சந்தேகப்பட்டார். கடைசியில் மேற்பார்வை அம்மாவே வாசலுக்கு வந்து அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

உணவுக் கூடத்தில் மச்சான் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை புருஷனை அங்கே பார்த்ததும் சோற்றுக் கை அப்படியே நின்றது. பல்செட்காரருக்கு நாலு பேர் நடுவில் பேசி வழக்கமில்லை. அவருடைய பேச்செல்லாம் வாய் திறந்தே இருக்கும் பிளாஸ்டர் அச்சுகளோடுதான். ஆனாலும் மேஜையைத் துடைத்து, பையைக் கவிழ்த்தார். சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிரேன்காரர்களைக் கூப்பிட்டார். வருஷா வருஷம் கண் பரிசோதனையில் தேறி வருகிறவர்கள் அத்தனை பேரும்.

"இதுல அஞ்சு நிறம் இருக்கு. தயவுசெஞ்சு யாராவது பிரிச்சுக் குடுங்க."

முதலில் வந்தவர் மூன்று குவியல் செய்தார். அடுத்தவர் அது தப்பு என்று கலைத்து ஏழு குவியல் செய்தார். இருப்பதே ஐந்துதானே என்று ஒருத்தர் கேட்டதற்கு, மீதி இரண்டு அழுக்கு என்றார். வெளிச்சம் சரியில்லை என்று மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். தட்டோடு வந்த ஒரு தடித்த ஆள் எல்லாவற்றையும் கையால் வழித்து ஒரே குவியலாகச் சேர்த்து, "முடிஞ்சுது, கணக்குத் தீர்ந்துச்சு" என்று சாப்பாட்டுக்குத் திரும்பினார். மேற்பார்வை அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது சோப்பா என்று கேட்டார்.

மச்சான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாக எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நீங்க பிரிங்க மாப்ளே."

பல்செட்காரர் பிரித்தார். பேசிக்கொண்டே, பட்டாணி உரிக்கிற மாதிரி. ஐந்து குவியல். மச்சான் அவரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். ஒரு சில்லின் அடிப்பக்கம் சாவியால் கீறினார். எல்லாவற்றையும் கலந்து, மறுபடியும் பிரிக்கச் சொன்னார். கீறல் விழுந்த சில்லு அதே குவியலுக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு தடவை கலந்தார். இன்னொரு தடவையும் வந்தது.

மச்சான் தங்கை புருஷனின் முகத்தை, நோயாளியைப் பார்ப்பதுபோல, பரிவோடு பார்த்தார்.

"இது எனக்கு வந்த வியாதி இல்ல மாப்ளே. உங்களுக்கு வந்தது."

தடித்த ஆள் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. மச்சானும் சிரித்தார், ஆனால் முழுசாகச் சிரிக்கவில்லை. மேற்பார்வை அம்மா, அப்படியானால் கிடங்கு வேலை வேண்டாம்தானே என்று கேட்டதற்கு, "பார்ப்போம்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு பயம் உள்ளே வந்துவிட்டால், தப்பான முகவரிக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தாலும் உடனே எழுந்து போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகும்.

பல்செட்காரர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், மனைவி ஒரு வழி சொன்னாள். புதுச் சில்லு செய்ய வேண்டும். நிறத்தை அண்ணன்தான் சொல்ல வேண்டும். "நீங்க நிறத்துல தலையிடக் கூடாது" என்று கணவனுக்குத் தடை போட்டுவிட்டு, அண்ணனை அழைத்தாள். மச்சான் முதலில் பிடிகொடுக்கவில்லை. அப்புறம், யோசிக்காமலே சொல்ல ஆரம்பித்தார். மேலே இருந்து பார்க்கும்போது கப்பல் பெட்டிகளில் எது எதோடும் குழம்பாது என்று அவருக்குத் தெரியாதா? வெள்ளை ஒன்று. சிவப்பு ஐந்து. நீலம் பத்து. பச்சை இருபத்தைந்து. கறுப்பு நூறு. ஆனால் பச்சை இலைப்பச்சையாக இருக்க வேண்டும். கடல் பச்சை என்று எதையாவது கலந்தால் மேகம் போட்ட நாளில் நீலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் நல்லது. இத்தனையும் சொல்லிவிட்டு, நான் வருவேன் என்று சொல்லவில்லை, கேட்டதால் சொன்னேன் என்றார்.

எண்ணிக்கை டீச்சருடைய பொறுப்பு. போன தடவை பல்செட்காரர் ஐந்து நிறத்திலும் சரிசமமாகச் செய்துவிட்டார். அதனால் ஆட்டம் பாதியிலேயே சில்லறை இல்லாமல் தத்தளித்தது என்பது டீச்சரின் தீர்ப்பு. வெள்ளையும் சிவப்பும்தான் கைமாறிக்கொண்டே இருப்பவை, அவை நிறைய வேண்டும். நீலம் அதில் பாதி, பச்சை அதிலும் குறைவு, கறுப்பு ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி அடுக்கு. பந்தயம் ஏற ஏற, வெள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெரியதாக மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். "இல்லன்னா எல்லாரும் கோட்டை கட்டிக்கிட்டு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க சார்" என்றார்.

பொம்மை செய்கிறவர்கள் வாங்கும் கடையில் சாயப்பொடி வாங்கினார் பல்செட்காரர். அந்தச் சிவப்பைக் குழைக்கும்போது அவருக்குக் கண் கூசியது. கோமாளிக்குப் பல் கட்டுகிற மாதிரி இருந்தது. மருத்துவரின் ஆள் அச்சைக் கொண்டுவந்தபோது, மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த பச்சை வட்டங்களைத் துணி போட்டு மூடினார். ஆனால் செய்து முடித்து ஜன்னலோரம் அடுக்கிவைத்துவிட்டு, அறையின் மறுகோடிக்குப் போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். அங்கிருந்தும் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொன்னது. தன் கைவேலை இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் டீச்சரும் தபால்காரரும் வந்தாயிற்று. சாய்வு நாற்காலி போன ஆட்டத்தில் ஜெயித்த டீச்சருடையது. ஆனால் அவர் அதில் உட்காராமல் முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். தேநீர் ஆறி, மறுபடியும் கொதித்தது. யாரும் சீட்டைக் கலைக்கச் சொல்லவில்லை.

மச்சான் வந்தார். சலவைச் சட்டைதான். ஒருத்தரையும் பார்க்காமல் மேஜைக்கு வந்து, டப்பாவில் கிடந்த சில்லுகளைப் பார்த்தார். எடுக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டார்.

"திரையை இழுத்து விடும்மா."

அவள் இரண்டு ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். கூடம் மங்கியது. மச்சான் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். அப்புறம் அந்த அரை இருட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். சில்லு சில்லோடு சேரும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. போகப் போக இடைவெளி குறைந்தது. பிறகு சீராக, மழை சொட்டுகிற மாதிரி விழுந்தது. பல்செட்காரர் வாயைத் திறக்கவே இல்லை. தொகையைச் சொல்லிவிடாமல் இருக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை மனைவி பிற்பாடு பல நாள் சொல்லிச் சிரித்தாள்.

சத்தம் நின்றது. "திற" என்றார் மச்சான்.

வெளிச்சம் உள்ளே வந்தது. மேஜையில் ஐந்து தூண்கள். வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. மாறி விழுந்தது ஒன்றுகூட இல்லை. டீச்சர் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தப்புக் கண்டுபிடிப்பது தொழிலாயிற்றே. கிடைக்கவில்லை.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்டப் போறேன்" என்றார் மச்சான், யாரிடமும் என்று இல்லாமல். "போய்ட்டு, அந்த மேற்பார்வை அம்மாகிட்ட நான் மேலேயே இருக்கேன்னு சொல்லிடுறேன்."

தங்கை தேநீரை ஊற்ற உள்ளே போனாள். போனவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் சீட்டுப் போட்டாயிற்று. மச்சான் தன் இரண்டு சீட்டையும் லேசாகத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கறுப்புச் சில்லை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு, நடுவில் வைத்தார்.

"நூறு. தெரிஞ்சுதான் வெக்கிறேன்."

தபால்காரர் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார். டீச்சர் யோசித்துவிட்டுக் கவிழ்த்தார். பல்செட்காரரும் கவிழ்த்தார். மச்சான் நடுவில் இருந்ததை அள்ளிக்கொண்டு, தன் சீட்டுகளை நிமிர்த்திப் போட்டார். இரண்டும் வேலைக்கு ஆகாதவை. ஒரு மிரட்டல்தான்.

உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. முழுசாக.